வேலூர் பஸ்ஸில் போன கித்தார்

போன வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தோல் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்குப் போகவேண்டிய ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். டெலிபோனை எடுத்த வாட்ச்மேன் கதவருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"சார், செலக்‌ஷன் ஜெயசீலன் சார் போய்ட்டாராம். வீட்லயேதான். நெஞ்சு வலின்னு சொன்னாராம், தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சாம்."

நாற்பத்தொரு வயது. முதல் நாள் மாலைகூட சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனவர். செய்தியைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: இன்று பொழுது சாய்வதற்குள் யாராவது ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆம்பூரில் ஜெயசீலன் அவர்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த பெஞ்சில், எங்கள் சபைப் பாடகர் குழுவின் செயலாளர் அருள்தாஸ் அவர்கள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"தேவநேசன், வேலூர்ல அவருக்கு கித்தார் சொல்லிக் குடுத்தாங்களே ஒரு வெள்ளைக்காரம்மா, அவங்க ஊருக்கு ஒரு தந்தி அடிச்சிடணும். அட்ரஸ் உங்ககிட்டதான் இருக்கும். சபைப் பத்திரிகைக்கும் நீங்கதான் எழுதணும். அந்தம்மா பேரை மறக்காம போட்டுருங்க."

"நாளைக்குத் தர்றேன் சார்" என்றேன். பன்னிரண்டு வருடங்களாக இதைத்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

அந்த அம்மையாரின் பெயரை இந்தக் கட்டுரையில் போடப்போவதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஜெயசீலன் அவர்களின் மனைவி எஸ்தர் அவர்கள் இதைப் படித்துப் பார்த்து, "ஒரு வரியும் எடுக்காதீங்க அண்ணா" என்று சொன்ன பிறகே அச்சுக்குப் போகிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஜெயசீலன் அவர்கள் எங்கள் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பிரிவில் இருந்தார். பதனிட்டு முடிந்த தோலை ஒவ்வொன்றாக மேஜைமேல் விரித்து, தடவிப் பார்த்து, முதல் தரமா, இரண்டாம் தரமா, தள்ளுபடியா என்று பிரிக்கிற வேலை. அதற்குக் கண் பாதி, விரல் பாதி. ஆட்டுத்தோலில் உண்ணி கடித்த தழும்பு சாயத்துக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் அவருடைய விரல் நுனி கண்டுபிடித்துவிடும். "எவ்ளோ பாலிஷ் போட்டாலும் தோல் பொய் சொல்லாது தேவா" என்பார். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் நாங்கள் பேசிக்கொண்டது வா, போ என்றுதான்; அவர் எனக்குச் சீலா, நான் அவருக்குத் தேவா. இங்கே மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். எழுதும்போது அது கொஞ்சம் அந்நியமாக இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு புதிய இயந்திரத்தைப் பொருத்த ஜெர்மானிய மெக்கானிக் ஒருவர் வந்து ஆறு மாதம் தங்கினார். மாலை வேளையில் விருந்தினர் விடுதி வராந்தாவில் கித்தார் வாசிப்பார். எங்கள் சபையில் கித்தார் என்றால் மூன்று கார்டு, நான்கு கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள். எல்லாப் பாட்டுக்கும் அதுவே போதும். அவர் வாசித்ததோ வேறு. ஒரே கார்டுக்குள் இன்னும் இரண்டு மூன்று சுரங்கள் நுழைந்துகொண்டு, சந்தோஷமா துக்கமா என்று சொல்ல முடியாத ஒரு ஒலி வரும். ஜாஸ் என்றார். ஊருக்குப் போகும்போது, கையால் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தை ஜெயசீலன் அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எந்தத் தந்தியில் எந்த இடத்தில் எந்த விரல் என்று பக்கம் பக்கமாகக் கட்டம் போட்ட படங்கள். விளக்கமெல்லாம் ஜெர்மன் மொழி. எங்கள் இருவருக்கும் அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

படம் இருக்கிறதே, போதாதா என்று ஆரம்பித்தோம். கித்தார் ஒன்றுதான், அவருடையது. திங்கள் முதல் சனிவரை என் வீட்டில் இருக்கும், ஞாயிறன்று அவர் வீட்டுக்குப் போகும். நோட்டின் பின்பக்கத்தில் கார்டுகளை வரிசையாக எழுதியிருந்த பாட்டுகளை வாசித்தால் நடுநடுவே புளித்துப்போன மோர் மாதிரி ஓர் ஒலி வந்தது. ஜாஸ் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று எட்டு மாதம் பக்தியோடு வாசித்தோம். ஜெர்மானியர்கள் 'பி' என்று எழுதினால் அது நம்முடைய 'பி' அல்ல, அரைச் சுரம் கீழே என்று பிறகு ஒரு பியானோ ஆசிரியை சொன்னார். ஜெயசீலன் அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எட்டு மாசம் தப்பை இவ்ளோ கரெக்டா வாசிச்சவங்க உலகத்துலயே நாம ரெண்டு பேர்தான்!"

எங்களைப் பாடாய்ப் படுத்தியது 'பதிமூன்று' என்ற ஒரு கார்டு. சாதாரண கார்டுக்கு மூன்று சுரம். அதன்மேல் ஏழாவது சுரத்தை வைத்து, இன்னும் மேலே ஏறிப் பதிமூன்றாவதை வைத்தால் இது வரும். நான்கு விரலும் வேண்டும். சுட்டு, நடு, மோதிர விரல்கள் கீழ்ச் சுரங்களைப் பிடிக்க, சுண்டு விரல் நீண்டு போய் இரண்டாம் தந்தியில் ஐந்தாவது கட்டத்தை அழுத்த வேண்டும். அங்கேதான் அந்தப் பதிமூன்றாவது சுரம், 'ஈ', இருக்கிறது. என் சுண்டு விரல் எட்டவே எட்டாது. ஆகவே நாங்கள் ஒரு வழி செய்துகொண்டோம். ஒருவர் கித்தாரை மடியில் வைத்து மூன்று விரலைப் பிடிப்பார். மற்றவர் எதிரே உட்கார்ந்து, தன் விரலை அந்த விரல்களுக்கு நடுவே நுழைத்து 'ஈ'யை அழுத்துவார். பார்க்கிறவர்களுக்கு இருவரும் பஞ்சா குஸ்தி போடுவதுபோல் இருக்கும். ஆனால் ஒலி வந்துவிடும்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். "இன்னிக்கு உன் விரல் வேணாம், நானே எட்டுறேன் பாரு" என்று அவர் தனியாகப் பதிமூன்றைப் பிடித்தார். சுண்டு விரலை இழுத்து இழுத்து வைத்தார். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். ஒலி வந்தது. நான் கைதட்டப் போனேன். அப்போதுதான் கித்தாரின் கழுத்தில் ஏதோ சிவப்பாக ஓடுவதைப் பார்த்தேன்.

"கையை எடு. ரத்தம்."

"எங்க?"

"உன் விரல்ல. சுண்டு விரல்ல."

இரும்புத் தந்தி சதையைக் கத்திபோல் அறுத்திருந்தது. அவர் விரலைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல்.

"வலிக்கலையா?" என்றேன்.

"இன்னா வலி?" என்றார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, வலிக்காத விரல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லை நாங்கள் இருவருமே வாயில் கொண்டுவரவில்லை. கிணற்றடிக்குப் போய் அவரே கையைக் கழுவிக்கொண்டார். நான் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு இருவரும் வேலூருக்குப் பஸ் ஏறினோம். பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தெரிந்த முகம் ஏதாவது ஏறுகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பாலாற்று மணலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் சோதித்தார். அவருடைய முகத்தில் எந்தப் பரபரப்பும் இல்லை, அதுவே எனக்குக் கிலியாக இருந்தது. "கண்ணை மூடிக்குங்க. பஞ்சால தொடுவேன். எங்க தொடுறேனோ அந்த இடத்த இன்னொரு கையால காட்டணும்." ஜெயசீலன் அவர்கள் கண்ணை மூடி இடது கையை மேஜைமேல் நீட்டினார். டாக்டர் பஞ்சின் நுனியால் சுண்டு விரலைத் தொட்டார். அவர் அசையவில்லை. மோதிர விரலின் வெளிப்பக்கம் தொட்டார். அசையவில்லை. உள்ளங்கையின் ஓரம், மறுபடி சுண்டு விரல், அதன் நுனி, அடி. நான் சுவரோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு தடவை.

ஜெயசீலன் அவர்கள் கண்ணைத் திறக்காமல், பணிவாகச் சொன்னார்: "நான் ரெடி டாக்டர். நீங்க ஆரம்பிங்க."

அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட வார்த்தைகளில் என்னை இன்றுவரை உறங்கவிடாதவை அவைதான்.

தொழுநோய். முழங்கையில் ஒரு நரம்பு தடித்திருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: மாத்திரை இருக்கிறது, சில வருடம் விடாமல் சாப்பிட வேண்டும், மாதாமாதம் வர வேண்டும். போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம். "ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்குங்க. உங்களுக்கு வந்திருக்கற வகை அடுத்தவங்களுக்குத் தொத்தாது." கடைசி வாக்கியத்தை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெயசீலன் அவர்கள் வாய் திறந்து சொன்னது இவ்வளவுதான்: "வெளிய தெரிஞ்சா செலக்‌ஷன் டேபிள்ல நிக்க விடமாட்டாங்க. அது போவட்டும். தங்கச்சிக்குக் குடியாத்தத்துல பேசி முடிச்சிருக்குது. தை மாசம் கல்யாணம். நின்னு போச்சின்னா அவ உசுரோட இருக்கமாட்டா. தேவா, யாருக்கும் தெரியக் கூடாது."

தெரியாது என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதைத் தவிர வேறு எதையும் நான் காப்பாற்றவில்லை.

அந்த வாரம் கித்தார் என் வீட்டில் இருந்தது. அறையின் மூலையில் அது நிற்கும் பக்கமே நான் போகமாட்டேன். இரண்டு வருடம் அதே தந்தியில் அதே இடத்தில் விரல் வைத்தவன் நான். டாக்டர் தொற்றாது என்றார். அறிவு அதைக் கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, எனக்குத் தேமலும் கொசுக்கடியும் மச்சமும் பேயாய்த் தெரிந்தன. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு குண்டூசியால் பத்து விரலையும் குத்திப் பார்ப்பேன். வலித்தால் அப்பாடா என்றிருக்கும். அலுவலகத்தில் காகிதம் கோக்கும் ஊசியால் மேஜைக்கு அடியில் குத்திக்கொள்வேன். என் கடிதங்களில் சில நாள் ரத்தப்பொட்டு இருந்ததை மேனேஜர் கண்டித்ததும் உண்டு.

சோப்பும் டெட்டாலும் போதாது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் கலவையைக் கரைக்கத் தின்னர் வைத்திருப்பார்கள். எதையும் அரித்துவிடும். ஒரு மருந்து பாட்டிலில் அதைக் கொஞ்சம் எடுத்துவந்து, பழைய பனியன் துணியில் நனைத்து, கித்தாரின் கழுத்தை மேலும் கீழும் தேய்த்தேன். கிருமி சாகும் என்று நினைத்தேன். கிருமி இருந்ததோ இல்லையோ, மரத்தின்மேல் இருந்த பாலிஷ் செத்தது. கொப்பளித்து, கலங்கி, காய்ந்த பிறகு கழுத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாய் ஒரு திட்டு. சுற்றிலும் காப்பிக்கொட்டை நிறம், நடுவில் வெளிறிய தேமல். பத்து வருடம் தோல் தொழிற்சாலையில் இருப்பவன், தின்னர் பாலிஷை என்ன செய்யும் என்று தெரியாதவனா நான்? பயம் வந்தால் தொழிலும் மறந்துபோகிறது.

ஞாயிறு காலை அவர் கித்தாரை எடுத்துப்போக வந்தார். உறையைத் திறந்தார். பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அவருக்கா அந்த வாசனை தெரியாது? எட்டு மணி நேரமும் அதற்குள் நிற்பவர். நான் கையும் களவுமாய்ப் பிடிபட்டு, வாசற்படியில் கல்லாய் நின்றேன்.

அவர் அந்தத் திட்டை வலது கையால் தடவிப் பார்த்தார். தோலைத் தடவுவதுபோலவேதான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கும் வந்துடுச்சா, தேவா?"

அதற்குப் பிறகு கித்தார் என் வீட்டுக்கு வரவில்லை. அவர் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் தொழிற்சாலையில் பார்த்தால் பழைய மாதிரியே பேசினார். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாதாமாதம் வேலூருக்குப் போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதை அவரே கண்டுபிடித்தார். "ஆஸ்பத்திரில ஒரு வெளிநாட்டு டாக்டர் ஜாஸ் சொல்லித் தர்றாங்க" என்று பாடகர் குழுவில் சொல்லிவிட்டார். யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்வது என் பங்கு. முதல் சனிக்கிழமை தோறும் கித்தாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். கண்டக்டர்கள்கூட "வாங்க மாஸ்டர், கிளாஸ் எப்டிப் போகுது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஊரே நம்பியது. ஆனால் நம்பிய ஊர் சும்மா இருக்குமா? ஞாயிறு வந்தால் "இந்த மாசம் இன்னா கத்துக்கிட்டு வந்தீங்க, வாசிங்க பாப்போம்" என்று சுற்றி உட்கார்ந்துகொள்ளும். ஒரு மாதம் புதிதாக எதுவும் இல்லையென்றால் மறுமாதம் சந்தேகம் வரும். அவர் கற்றே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. தங்கையின் கல்யாணம் முடிந்தும் அது நிற்கவில்லை. கல்யாணத்தை நடக்கவைத்த பொய், அதற்குப் பிறகு அவளுடைய வாழ்க்கையையும் தாங்க வேண்டியிருந்தது.

ஆகவே அவர் கற்றது எங்கே தெரியுமா? அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்க வராந்தாவில், மாத்திரைக்காக வரிசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில். விரல் மடங்கியவர்களும், காலில் கட்டுப் போட்டவர்களும்தான் அவருடைய சபை. ஜெர்மன் நோட்டைத் தரையில் விரித்துவைத்துக்கொள்வார். அதற்குள் சுண்டு விரல் உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தது. மோதிர விரலிலும் பாதி வலு போய்விட்டது. நோட்டில் இருந்ததோ எல்லாம் நான்கு விரல் கார்டுகள்.

ஒருமுறை அருள்தாஸ் அவர்கள், "நானும் வர்றேன், உங்க டாக்டரைப் பாத்து ஒரு நன்றி சொல்லணும்" என்று அந்தச் சனிக்கிழமை பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். எனக்கு வேலூரில் வேறு வேலை என்று நானும் ஏறினேன். உண்மையில் துணைக்கு ஏறினேன். ஏறிய பிறகு எதற்கு ஏறினோம் என்று பதறினேன். விரிஞ்சிபுரம் தாண்டும்போது ஜெயசீலன் அவர்கள் என் பக்கம் சாய்ந்து, "இறங்கி ஓடிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை. அங்கே அருள்தாஸ் அவர்களை டீ குடிக்கவைத்து நேரத்தைக் கடத்தினோம். டீ முடிந்தது. இரண்டாவது டீயும் முடிந்தது. அப்போது வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் சைக்கிளில் வந்தார். கை கால் பயிற்சி கொடுக்கும் பிரிவில் வேலை செய்பவர். எங்களைப் பார்த்ததும் பிரேக் போட்டு இறங்கினார்.

"ஜெயசீலன்! விரல் பயிற்சி தினம் செய்றீங்களா? காட்டுங்க."

நடுத்தெருவில் அவருடைய இடது கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்கினார். சுண்டு விரலைத் தன் இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்து, "இது சோம்பேறி. இதுக்கு இன்னும் இருபது தடவை" என்றார். முடிந்தது, குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

திரும்பினால் அருள்தாஸ் அவர்கள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கண்கலங்கி நிற்கிறார். "பாத்தீங்களா தேவநேசன், ரோட்லயே பாடம் எடுக்கறாங்க! குருன்னா இப்டி இருக்கணும்!"

அன்றிலிருந்து அவர் போகிற இடமெல்லாம், "என் கண்ணால பாத்தேன்" என்று சொன்னார். பொய்க்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டது. அருள்தாஸ் சார், என்னை மன்னியுங்கள். நீங்கள் பார்த்தது பொய் அல்ல. அந்த அம்மையார் அவருடைய விரலுக்காக உண்மையாகவே பாடுபட்டார். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஜெயசீலன் அவர்களுக்கு யார்தான் கற்றுக்கொடுத்தார்கள்? ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அவரே எனக்குச் சொன்னார். அப்போதெல்லாம் நாங்கள் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். ஆனால் நான் சற்றுத் தள்ளியே உட்காருவேன். அதை அவர் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொண்டதில்லை.

"நாலு விரல் கார்டுல ரெண்டு விரல் போச்சின்னா இன்னா மிச்சம்னு பாத்தேன் தேவா. அடிச் சுரத்தைக் கட்டை விரலை மேல வளைச்சிப் புடிச்சிக்கலாம். அஞ்சாவது வேணாம், அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான். மூணாவது, ஏழாவது, அந்த ரெண்டை மட்டும் வுட்டுடக் கூடாது. அந்த ரெண்டு கரெக்டா இருந்தா, மத்ததைக் கேக்கறவன் காது தானா போட்டுக்கும். நாமதான் எல்லாத்தையும் வாசிக்கணும்னு பேஜாரா அலைஞ்சிக்கிட்டு இருந்தோம்."

பெரிய ஜாஸ் கலைஞர்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள் என்று பின்னால் எனக்குத் தெரியவந்தது. இவருக்கு அதைச் சொன்னவர் யாரும் இல்லை. மடங்கிப்போன இரண்டு விரல் சொன்னது.

வேலையிலும் அதே கதைதான். இடது கை தோலை உணராததால், அவர் தோலைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். புதிதாக வந்தவர்கள் அதைப் பெரிய நிபுணத்துவம் என்று எண்ணித் தாங்களும் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். இன்றும் எங்கள் செலக்‌ஷன் மேஜையில் அந்த வழக்கம் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று இன்று தெரிந்துகொள்ளட்டும்.

நான்காவது வருட முடிவில் மாத்திரை போதும் என்றார்கள். விரலை நிமிர்த்த ஓர் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. ஊருக்கு அது 'சைக்கிள்ல இருந்து விழுந்தது'. எஸ்தர் அவர்களைப் பெண் பார்க்கப் போனபோது, கையை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் முதலில் அவர்களிடம் சொன்னார். அவர்கள், "இப்ப சொல்லிட்டீங்க இல்ல, இனி ரெண்டு பேரா மறைச்சிக்கலாம்" என்றார்களாம்.

இனி நான் எழுத அஞ்சுகிற இடம். சில வருடம் முன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு மாலைப் பயிற்சி. மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். அவர் பதிமூன்றைப் பிடித்தார். கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல். நோய் போய் வருடங்கள் ஆகியிருந்தன. எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தார்கள், அவர் மகளைத் தூக்கிக் கொஞ்சினார்கள். எஸ்தர் அவர்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது, தெரிந்த இருவரில் பயம் எனக்கு மட்டும்தான்.

"தேவா, அந்த ஈ இல்லாம இன்னிக்கு ஒரு மாதிரி இருக்குது. நீ வையேன்."

பழைய மாதிரி. எதிரே உட்கார்ந்து, அவர் விரல்களுக்கு நடுவே என் விரலை நுழைத்து, இரண்டாம் தந்தி, ஐந்தாம் கட்டம். ஒரு முழம் தூரம். நான் கையைத் தூக்கினேன். அது பாதி வழியில் நின்றுவிட்டது. தொற்றாது என்று எனக்குத் தெரியும். எத்தனை வருடமாகத் தெரியும்! அப்படியும் என் கை, பிறர் கைபோல, அந்தரத்தில் நின்றது.

அவர் காத்திருந்தார். கார்டைப் பிடித்தபடியே, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பிறகு தந்தியை மீட்டினார், அந்த ஒரு சுரம் இல்லாமலே.

"பரவால்ல. இல்லாமயே கேக்குது" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கேட்டதெல்லாம் அந்தச் சுரம் இல்லாத இடம்தான்.

அந்த வியாழக்கிழமை, அருள்தாஸ் அவர்களிடம் 'நாளைக்கு' என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எஸ்தர் அவர்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வெள்ளைக்கார அம்மையாரின் விலாசத்தை அருள்தாஸ் அவர்கள் கேட்கிறார் என்று காதோரம் சொன்னேன். அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஏதாவது ஆச்சின்னா மறைக்க வேணாம்னு சொல்லிட்டாரு அண்ணா. ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியட்டும்னாரு. அவரு தங்கச்சிக்கிட்டயும் கேட்டுட்டேன், எழுதட்டும்னு சொல்லிடுச்சி. தேவாதான் எழுதணும்னாரு. நீங்க பயப்படுவீங்களேன்னு நான் சொன்னேன். 'பயப்படுவான். பயந்துக்கிட்டே எழுதுவான், வுடு'ன்னாரு."

நம் வழக்கப்படி பெட்டியில் வைக்கும்போது அவருடைய இரண்டு கைக்கும் வெள்ளைக் கையுறை மாட்டியிருந்தார்கள். எஸ்தர் அவர்கள் எழுந்து குனிந்து, இடது கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்டு விரல் கொஞ்சம் உள்ளே வளைந்திருந்தது. நுனியில், அந்த ஞாயிறன்று கித்தார் தந்தி அறுத்த தழும்பு அப்படியே இருந்தது.

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். பயந்துகொண்டே நான் அவருடைய விரல்களுக்கு நடுவே என் விரலை நுழைத்தேன். தந்தியை அழுத்துவதுபோல் அழுத்தினேன். விரல் நுனியில் பள்ளம் விழும்வரை எடுக்கவில்லை.

சீலா, இங்கே 'அவர்' வேண்டாம். உனக்கு வாத்தியார் யாரும் இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டேன். நீ காத்திருந்த அந்த ஈயை வைத்துவிட்டேன், நீ உணர முடியாத விரலில், நீ கேட்க முடியாத நேரத்தில். போய் வா.